பரிசாகக் கொடுத்த ஏ பிரிவு

நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாகப் போனது எழுபதுகளின் கடைசியில். அதுவரை சேலத்தில் இங்கிலீஷ் டீச்சர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், வாயும் கொஞ்சம் நீளம். "பெரிய டீச்சர் வர்றாங்கடி" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், வராந்தா காலியாகிவிடும். அதை அன்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்த வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வந்தபோது, எங்கள் பள்ளி நம்பர்களைத் தேடித் தேடிக் கண்ணே வலித்தது. பாதிப் பேருக்கு மேல் பெயில். மற்றப் பாடமெல்லாம் தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடும். கணக்குத்தான் காலை வாரிவிடும். அதே ஊரில் பையன்கள் பள்ளிக்குப் பிளஸ் டூ வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை. பத்து முடித்த பெண் மேலே படிக்க வேண்டுமென்றால் நாமக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்துக்காரர் சம்மதித்தார்? பத்தோடு படிப்பு முடிந்தது, அடுத்தது கல்யாணம்தான். எங்களுக்கும் பிளஸ் டூ கொடுங்கள் என்று கேட்கப் போனேன். "முதல்ல ரிசல்ட்டைக் காட்டுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டுகிறேன் பார் என்று திரும்பி வந்தவள், அந்த ஜூன் மாதமே பள்ளியைத் தலைகீழாகப் புரட்டினேன். அதுவரை பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்த வகுப்புகளை மார்க்கை வைத்துப் பிரித்தேன். நல்ல மார்க் எடுத்தவர்கள் ஏ பிரிவு, மிச்சம் பேர் பி பிரிவு. காலை எட்டு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ். வாசலில் மணி தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, எந்த டீச்சர், எந்தப் பிரிவு, நூற்றுக்கு எத்தனை பேர் பாஸ் என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதவைத்தேன். முதலில் வருகிறவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை.

ஸ்டாஃப் ரூமில் புகைந்தது. "நாமென்ன பஸ் கண்டக்டருங்களா, தெனம் கலெக்‌ஷன் எழுதிப் போடறதுக்கு?" என்று தமிழ் டீச்சர் என் காதில் விழும்படியாகவே சொன்னார். "கலெக்‌ஷன் வராத ரூட்டை நிறுத்திப்புடுவாங்க டீச்சர், தெரியுமில்ல?" என்றேன். அவர்கள் வாயை அடைத்ததையே வெற்றி என்று எண்ணிக்கொண்ட காலம் அது.

கணக்குக்கு இரண்டு பேர். மூத்தவர் இருபது வருஷ சர்வீஸ். வட்டமும் முக்கோணமும் போர்டில் அவர் வரைந்தால் கோலம் மாதிரி இருக்கும், அழிக்க மனசு வராது. இளையவருக்கு முப்பது வயசு இருக்கும். கெங்கவல்லிக்காரர். வீட்டுக்காரர் அங்கே காடு தோட்டம் பார்த்துக்கொண்டிருக்க, இவர் இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் தன் அம்மாவோடு இருந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குப் பழகவில்லை. ஏ பிரிவு என்பது சர்வீசுக்குக் கிடைக்கிற மரியாதை, அதனால் அதை மூத்தவருக்குக் கொடுத்தேன். இளையவருக்கு ஒன்பது பி, பத்து பி. அவர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரியில் போர்ஷன் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். ஒன்பது பி-யில் பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில் விறுவிறுவென்று வகுப்புக்கே போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாடம் முடியட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று.

போர்டுக்கு முன்னால் ஒரு பெண் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தாள். ஒல்லி. எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை. மோகனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்திலிருந்து வருகிறவள். மூன்றில் ஒன்றோடு ஆறில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அவள் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். டீச்சரும் வாய் திறக்கவில்லை. எனக்கோ கை பரபரக்கிறது. நானாக இருந்தால் அதற்குள் மண்டையில் ஒன்று வைத்து உட்காரச் சொல்லியிருப்பேன்.

ரொம்ப நேரம் கழித்து டீச்சர் கேட்டார்: "உங்க தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறுதானே? தண்ணி முறை எப்படி?"

அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது. "ஆமாங்க டீச்சர். ஆறு நாளைக்கு ஒரு சுத்துங்க. பெரியப்பாவுக்கு ரெண்டு நாளு, எங்களுக்கு ரெண்டு நாளு, சித்தப்பாவுக்கு ரெண்டு நாளுங்க."

"சித்தப்பா பங்கு முழுசும் அவரே பாய்ச்சறாரா?"

"இல்லீங்க. அவருக்குப் பூமி கம்மிங்க. அதுல பாதி எங்களுக்கு உட்டுட்டாருங்க."

"அப்ப உங்க அப்பா எத்தனை நாள் தண்ணி கட்டறாரு?"

"மூணு நாளுங்க."

"ஆறு நாள்ல மூணு நாள்னா?"

"பாதிங்க டீச்சர்!" என்று கத்தியேவிட்டாள். பெஞ்சிலிருந்த பிள்ளைகளெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அதையே இப்ப போர்டுல எழுது" என்றார் டீச்சர். தடுமாறித் தடுமாறி அந்தப் பெண் எழுதிய விடை சரியாக இருந்தது. நாற்பது வயசுக்கு மேல் எனக்கே அன்றைக்குத்தான் பின்னம் புரிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் தொண்டையோடு போயிற்று.

ஏப்ரலில் அந்தப் பெண்ணின் அப்பா என் அறைக்கு வந்தார். தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். டி.சி. வேண்டுமாம். "கணக்கு வராத புள்ளைய வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? அவ தாய்மாமன் ஊட்டுல கேட்டுட்டே இருக்கறாங்க. பையன் லாரி ஓட்டறானுங்க, நல்ல பையன். கட்டிக் குடுத்துட்டா ஒரு கடமை தீர்ந்துருமுங்க" என்றார். இப்படி வருஷத்துக்குப் பத்து அப்பாக்கள் வருவார்கள். நானும் டி.சி. எழுத ஆபீஸ் ரைட்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் யார் போய்ச் சொன்னார்களோ, இளைய கணக்கு டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஒரே ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க. கணக்குல பாஸ் பண்ண வைக்கறது என் பொறுப்பு."

அப்பா டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "வாக்குக் குடுக்கறீங்களா டீச்சர்?"

"குடுக்கறேன்."

"பாஸாயிட்டான்னா அவ ஆசப்படற வரைக்கும் படிக்கட்டுமுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லைன்னு வெச்சுக்கங்க, அவ கல்யாணத்துல நீங்க வந்து முன்னால நிக்கோணும். சரிங்களா?"

டீச்சர் தலையாட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் வாக்கு என்றால் விளையாட்டில்லை. சம்பந்தி வீட்டில் போய் ஒரு வருஷம் பொறுங்கள் என்று சொல்ல அந்த மனிதர் எவ்வளவு கூனிக் குறுகியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பின்னால் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அந்த மே மாத ரிசல்ட்டில் பத்து பி-யில் பாதிப் பேர் கணக்கில் பாஸ். இப்படிப்பட்ட பிள்ளைகள் அதற்கு முன்னால் பாஸ் ஆனதாக யாருக்கும் ஞாபகமே இல்லை. ஆனால் பலகையில் எழுதும்போது என்ன ஆயிற்று? மூத்தவர் பெயர் மேலே, இளையவர் பெயர் கீழே. நூற்றுக்கு ஐம்பதுதானே! பொன்னாடை மூத்தவருக்குப் போயிற்று. எனக்கு உறுத்தியது. அதே சமயம் நல்லாசிரியர் விருதுக்குப் பெயர் அனுப்பச் சொல்லி மேலேயிருந்து ஃபாரம் வந்தது. இளையவர் பெயரைத்தான் எழுதச் சொன்னேன். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தேர்ச்சி சதவீதம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க மேடம். அதுல அம்பதுன்னு போட்டு அனுப்புனா மேல சிரிப்பாங்க. அடுத்த வருசம் நல்ல நம்பரா வாங்கட்டும், அப்ப அனுப்பலாமுங்க."

அவர் சொன்னது எனக்கு ஒரு வழியைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் இந்த அம்மாவைப் போட்டுக் கசக்கிவிட்டோம், இனியாவது மரியாதை செய்ய வேண்டும். ஏ பிரிவைக் கொடுப்போம். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இவரும் சேர்ந்தால் நூற்றுக்கு நூறு வராமல் எங்கே போகும்? இவருக்கு விருது, பள்ளிக்குப் பிளஸ் டூ. எனக்கு என் புத்தியை நினைத்தே பூரிப்பாக இருந்தது. நல்ல டீச்சருக்கு நல்ல வகுப்பைப் பரிசாகக் கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், எனக்கு பி-யே இருக்கட்டும்."

"அட, என்ன டீச்சர் நீங்க? ஊர் உலகத்துல ஏ செக்‌ஷன் வேணும்னு சண்டை போடறாங்க."

"இல்ல மேடம். ஒன்பதுல அடிப்படை போட்டிருக்கேன். இந்த வருஷம்தான் மேல கட்டணும். இப்ப விட்டா எல்லாம் போயிடும். அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு வாக்கு வேற குடுத்திருக்கேன். நீங்களும் இருந்தீங்களே!"

தன்னடக்கம் என்று நினைத்தேன். அப்புறம் பிடிவாதம் என்று நினைத்தேன். "அவங்களுக்கும் ஒரு டீச்சர் இருக்காங்க. இருபது வருஷ சர்வீஸ். அவங்களுக்குச் சொல்லித்தரத் தெரியாதுன்னு சொல்றீங்களா?" என்று மடக்கினேன். அதற்கு அவர் என்ன சொல்ல முடியும்? "அப்ப அந்த ஒரு பொண்ணையாவது ஏ-வுக்கு மாத்திக் குடுங்க மேடம்" என்றார்.

முடியாது என்றேன். ஒருத்தியை மாற்றினால் நாளைக்கு நாற்பது அப்பன்மார் வாசலில் நிற்பார்கள் என்று காரணம் சொன்னேன். நிஜம் அது இல்லை. அவள் ஏ-வுக்கு வந்து, தப்பித் தவறிக் கணக்கில் போய்விட்டால் அந்த நூறு உடைந்துவிடும். நூறு எனக்கு வேண்டியிருந்தது. இதை நான் இத்தனை வருஷத்தில் எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மூத்தவருக்கும் இது பெரிய அடி. "இருபது வருசத்துக்கு இதுதானுங்களா மரியாதை?" என்று என் முன்னால் கண்கலங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள்கூட லீவு போடாமல் பி பிரிவுக்குப் போனார். அழகழகாக எழுதிப் போட்டார், பிள்ளைகளும் அழகழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நோட்டுகளைத் திருத்த வாங்கிப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். போர்ஷன் அக்டோபரிலேயே முடியும் தறுவாயில் இருந்தது. மனசுக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்பது எந்த ரெஜிஸ்டரிலும் தெரியாதே.

இளையவர் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே அந்தப் பெண்ணையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சாயங்காலம் முடியாது, அந்தப் பெண்ணுக்கு ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் மண்ணில் குச்சியால் கணக்குப் போடுவார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது பார்க்க.

இரண்டு மாதம் போயிருக்கும். மூத்தவர் என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காரக்கூட மாட்டேன் என்றார். "எங் கிளாஸ் புள்ளைகளுக்கு அவங்க மரத்தடியில பாடம் நடத்துனா நான் எதுக்குங்க மேடம்? பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஒண்ணு நான் இருக்கோணும், இல்லைன்னா அவங்க இருக்கோணும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலகையை மாட்டி எல்லாரையும் ஒருவருக்கொருவர் போட்டியாக்கிவிட்டது நான்தானே. அதை யோசிக்க எனக்கு அன்று பொறுமை இல்லை. ஸ்டாஃப் ரூமில் சண்டை என்று வெளியே தெரிந்தால் பிளஸ் டூ கெட்டுப்போகும் என்ற பயம்தான் முந்தியது. ஒருவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மற்றவர் பாடம் நடத்தக் கூடாது என்று சர்குலர் எழுதிச் சுற்றுக்கு விட்டேன்.

இளையவர் அதைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார். "மேடம், அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு ரெண்டு மாசம் போதும்" என்றார். "சர்குலர் எல்லாருக்கும்தான் டீச்சர்" என்றேன். மறுநாளிலிருந்து அவர் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. பிள்ளைகள் சில நாள் வழக்கம்போல அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ரிசல்ட் வந்தது. பத்து ஏ கணக்கில் நூற்றுக்கு நூறு. எங்கள் பள்ளி வரலாற்றிலேயே முதல் தடவை. நான் லட்டு வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தேன். பி பிரிவில் பாஸ் ஆனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மார்க் ஷீட் கட்டு வந்த அன்று இளையவர்தான் முதலில் அதைப் பிரித்தார். தன் வகுப்பினுடையதை அல்ல, பி-யினுடையதை. அந்தப் பெண்ணுக்குக் கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்திருந்தால் பாஸ். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணியிருந்தாள். இங்கிலீஷில்கூட. அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

நாலைந்து நாளில் அப்பா வந்தார். கூடவே அந்தப் பெண்ணும். அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இளையவரைக் கூப்பிட்டனுப்பச் சொன்னார். டீச்சர் வந்ததும் இவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏனுங்க டீச்சர், நீங்க சொன்னதை நம்பித்தானுங்களே மச்சான் ஊட்டுல போயி ஒரு வருசம் பொறுங்கன்னு காலுல உழாத குறையா கேட்டேன்? இப்ப அவங்க ஏளனமா பேசறாங்க. படிக்க வெச்சுக் கலெக்டராக்கறேன்னியே, ஆயிட்டாளான்னு கேக்கறாங்க. புள்ளை மூணு நாளாச் சோறு திங்கலீங்க. நாலே நாலு மார்க்குங்களாமே. ஏனுங்க டீச்சர் இப்புடிப் பண்ணுனீங்க?"

அவருக்கு எதுவும் தெரியாது. வகுப்பு மாற்றியது, மரத்தடியை நிறுத்தியது ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. சொன்னால் அப்போதே நிறுத்திவிடுவார் என்று பயந்திருப்பாள். இளையவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'என்னைக் கேக்காதீங்க, இவங்களைக் கேளுங்க' என்று என் பக்கம் கையைக் காட்டினால் போதும். காட்டுவார் என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்பு என் மேலதான்" என்றார் அவர். "வாக்குக் குடுத்தது நான். காப்பாத்த முடியலை. அக்டோபர்ல திரும்ப எழுதலாம். நான் தினமும் உங்க வீட்டுக்கே வந்து சொல்லித் தரேன்."

"போதுமுங்க டீச்சர். இன்னொருக்கா வாக்குக் குடுக்காதீங்க. எனக்குத் தாங்காது" என்றார் அப்பா. அதைக்கூடக் கும்பிட்டுக்கொண்டேதான் சொன்னார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிற வாய். அன்றைக்கு அது எங்கே போயிற்று? நான்தான் மாற்றினேன், இந்த அம்மா கெஞ்சினார், நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் பிளஸ் டூ போய்விடாது. யாரும் என்னைத் தூக்கில் போட்டுவிட மாட்டார்கள். அந்த மனிதருடைய கோபம் மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கும். அந்தக் கோபத்துக்குக்கூட எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. அவர்கள் போகும் வரைக்கும் மேஜை மேல் இருந்த ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் கல்யாணம். இளையவர் போனார். சொன்னபடி முன்னால் நின்றார் என்று அவரோடு போன தமிழ் டீச்சர் வந்து சொன்னார். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. ஆபீஸ் வேலை இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரமே ஆண்டு விழாவில் இளையவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். கூட்டம் கைதட்டியது. அவர் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனவர், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் ஆபீஸ் பீரோவில் கிடந்தது.

அந்த வருஷ விருது ஃபாரத்தில் நூறு என்று போட்டு அனுப்பினோம். விருதும் வந்தது. எங்களுக்குப் பிளஸ் டூவும் வந்தது. மாலையும் மேளமுமாகத் திறப்பு விழா நடத்தினோம். எனக்கும் நல்ல பெயர். இளையவர் விருது வாங்கிவந்த மறு மாதமே கெங்கவல்லிப் பக்கம் மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். "ஏன் டீச்சர், இப்பத்தானே எல்லாம் நல்லா வந்திருக்கு?" என்றேன். "ஊருக்குப் போறேன் மேடம்" என்றார். நான் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகும் அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன்.

பிறகு ஒரு வருஷம் இருக்கும். மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண். கழுத்தில் தாலிக்கொடி, இடுப்பில் குழந்தை. புகுந்த வீட்டில் ஏதோ ஃபாரத்துக்கு வயசு அத்தாட்சி கேட்கிறார்களாம், டி.சி. வாங்க வந்திருந்தாள். ரைட்டர் எழுதிக்கொண்டு வரும்வரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பெரிய டீச்சர் முன்னால் எப்படி உட்காருவாள்?

"கணக்கு டீச்சர் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ஊருக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க சாமி. நல்லாசிரியர் விருது குடுத்தாங்க அவங்களுக்கு."

"அப்புடிங்களா!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "குடுக்கோணுமுங்க. அவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்று குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க பெரிய டீச்சர், கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? பத்தாவதுல எங்களுக்கு ஏனுங்க டீச்சரை மாத்துனீங்க? நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா?"

இரண்டு வருஷமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். "இல்லை சாமி, நீங்க ஒரு தப்பும் பண்ணலை. டீச்சர் நல்லாச் சொல்லிக் குடுத்தாங்கல்ல, அதுக்குப் பரிசா அவங்களுக்கு ஏ செக்‌ஷன் குடுத்தேன்" என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

அவள் யோசித்தாள். கிணற்றுத் தண்ணீர் முறையைச் சொன்ன அதே பெண்தான், ஒன்றைப் பிடித்தால் முழுக்கப் புரியும்வரை விடமாட்டாள். "பரிசுங்களா?" என்றாள். "அப்ப எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருந்தது அவங்களுக்குத் தண்டனையாட்டம் இருந்துச்சுங்களா?"

"இல்லடி கண்ணு. அவங்க உங்களைத்தான் கேட்டாங்க. உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்னு எங்கிட்டக் கெஞ்சுனாங்க. நான்தான் கேக்கலை. உன்னை மட்டுமாவது கூட்டிக்கறேன்னு கேட்டாங்க. அதையும் நான்தான் தரலை" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் சொன்னேன், குழந்தையோடு வந்து நின்ற பிறகு.

அவள் என்மேல் கோபப்படவில்லை. கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொண்டாள். "டீச்சருக்கு ஒரு தாக்கல் சொல்லிக் கடுதாசி எழுதுவீங்களா? நான் சொன்னேன்னு எழுதுங்க. அப்பா அன்னிக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்க வேண்டாமுன்னு எழுதுங்க. அவங்க மேல தப்பில்லைன்னு எனக்கு இப்பத் தெரியுமுன்னு எழுதுங்க" என்றாள். ரைட்டர் டி.சி.யைக் கொண்டுவந்து வைத்தார். பத்தாம் வகுப்பு, தேர்ச்சி பெறவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கடிதத்தை எழுதக் காகிதம் எடுத்தேன். அவள் சொன்னதை எழுத வேண்டுமென்றால், அன்றைக்கு நான் ஏன் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். இன்னொரு நாள் ஆகட்டும் என்று வைத்தேன். இன்னொரு நாளும் வைத்தேன். எட்டு வருஷம் கழித்து, கெங்கவல்லியிலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் அந்த டீச்சர் தவறிப்போய்விட்டார் என்று சொன்னார். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.